முப்பது தவணையில் ஒரு நெல்லூர்க் காளை

ஓங்கோலிலிருந்து கடல் கடந்துபோன இனத்தை பிரேஸில் தராசில் ஏற்றி உலகச் சந்தையைப் பிடித்தது. பிறந்த மண்ணில் அதே இனத்தின் இளம் காளைக்கு வாங்குபவர் குறைந்துகொண்டே வருகிறார்.

ஏலக்காரர் 500 என்று கூவினால் காளையின் விலை 500 என்று நினைத்துவிடக் கூடாது. பிரேஸிலின் மாட்டு ஏலங்களில் கூவப்படுவது ஒரு தவணைத் தொகை மட்டுமே. அதை 30 ஆல் பெருக்கினால் கிடைக்கும் 15,000 ரியால்தான் விலை. சில ஏலங்களில் 24 தவணை. வாங்குபவர் கொட்டகையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மாட்டு ஏலத்துக்கென்றே நேரம் ஒதுக்கும் டி.வி. சேனல்கள் அங்கே உண்டு. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பண்ணையாளர் திரையில் காளை நடப்பதைப் பார்த்துவிட்டு டெலிபோனில் விலை கேட்கிறார். அவர் கண் பாதி நேரம் திரையில், மீதி நேரம் மடியில் இருக்கும் ஏலப் புத்தகத்தில். புத்தகத்தில் காளைக்கு ஒரு பக்கம். அதில் அப்பா, தாத்தா பெயர்களுக்குக் கீழே வரிசை வரிசையாக எண்கள்.

ஆனால், திரையில் நடப்பது யார்? வெள்ளைத் தோல் போர்த்திய உடம்பு, கறுத்த மூக்கு, தோளில் நிமிர்ந்த திமில், கழுத்திலிருந்து மடிப்பு மடிப்பாகத் தொங்கும் அலைதாடி. ஓங்கோல் பக்கத்து விவசாயி எவரும் பார்த்த மாத்திரத்தில் 'நம்ம மாடு' என்று சொல்லிவிடுவார். அவர் சொல்வது சரி. பிரேஸிலில் அதற்குப் பெயரே 'நெலோரி'. அதாவது நெல்லூர். ஓங்கோல் அந்தக் காலத்தில் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. பிரகாசம் மாவட்டம் பிரிந்தது 1970இல்தான்.

பிரேஸிலில் இன்று 20 கோடிக்கும் மேல் மாடுகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை திமில் உள்ள இந்திய ரத்தம் கலந்தவை. அவற்றிலும் நெலோரிக்கே முதலிடம். உலகிலேயே அதிக மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்யும் நாடு என்ற பெயர் பிரேஸிலுக்குக் கிடைத்தது இந்த மாட்டால்தான். இத்தனைக்கும் இந்தியாவிலிருந்து அங்கே போன திமில் மாடுகள், கிர், காங்கேரஜ் எல்லாம் சேர்த்தே, 7,000க்கும் குறைவு என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

1868இல் இங்கிலாந்து போகும் வழியில் ஒரு கப்பல் பிரேஸிலின் சால்வதோர் துறைமுகத்தில் நின்றபோது அதிலிருந்த ஓங்கோல் ஜோடி ஒன்று விற்கப்பட்டது என்பது அங்கே வழங்கும் கதை. பத்து ஆண்டு கழித்து லெம்க்ரூபர் என்ற பண்ணையாளர் ஜெர்மனியின் ஹாம்பர்க் மிருகக்காட்சி சாலையில் ஒரு ஜோடியைப் பார்த்து வாங்கிப் போனார். கடைசிப் பெரிய கூட்டம் போனது 1960களின் தொடக்கத்தில். இந்தியாவின் மாட்டு நோய்கள் வந்துவிடுமோ என்ற பயத்தில் அந்த மாடுகளை நடுக்கடலில் இருக்கும் பெர்னாண்டோ டி நொரோன்யா தீவில் தனியாக வைத்திருந்து பார்த்த பிறகே நாட்டுக்குள் விட்டார்கள். அதன் பின் கதவு சாத்தப்பட்டது. அப்போது போன காளைகளின் பெயர்கள் இன்றும் நெலோரி வம்சாவளிப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன: தாஜ்மஹால், கோதாவரி, கோலியாஸ், எல்லோரையும் விடப் புகழ்பெற்ற கர்வடி. கரவாடி என்பது ஓங்கோல் அருகே இருக்கும் ஒரு கிராமம். அந்தக் கிராமத்தின் பெயரை ஆந்திரத்துக்கு வெளியே இந்தியாவில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்களோ தெரியாது. பிரேஸிலில் மாடு வளர்ப்பவர்களில் அதைக் கேள்விப்படாதவர் அரிது.

இதில் ஒரு வேடிக்கை. போனவை பெரும்பாலும் காளைகள். அவற்றை உள்ளூர்ப் பசுக்களோடு சேர்த்து, பிறந்த கிடாரிகளை மறுபடி ஓங்கோல் காளைகளோடு சேர்த்து, தலைமுறை தலைமுறையாக வெளுக்க வைத்தார்கள். தாய் வழியாக மட்டுமே இறங்கும் மரபணுவை 1990களில் சோதித்தபோது, சுத்த நெலோரி என்று பதிவான மாடுகளில் ஏராளமானவற்றில் ஐரோப்பிய மாட்டின் அடையாளம் இருந்தது. அப்பா ஓங்கோல், ஆதி அம்மா போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த நாட்டு மாடு.

இறைச்சிக்கென மாடு வளர்க்கும் பண்ணையில் பசு ஆண்டுக்கு ஒரு கன்று போடுகிறது. காளையோ ஒரு பருவத்தில் 25 முதல் 40 பசுக்களைச் சினையாக்குகிறது. ஆக, தப்பான பசுவை வாங்கினால் ஒரு கன்று தப்பு. தப்பான காளையை வாங்கினால் ஒரு வருஷத்து மந்தையே தப்பு. அதன் மகள்களை வைத்துக்கொள்வார்கள் என்பதால் அந்தத் தப்பு பத்து, பன்னிரண்டு ஆண்டுக்கு மந்தையிலேயே மேய்ந்துகொண்டிருக்கும். செயற்கைக் கருவூட்டல் அங்கே வேகமாகப் பரவிவருகிறது என்றாலும் பெரும்பான்மைப் பசுக்கள் இன்னும் காளையிடம்தான் போகின்றன. பல்லாயிரம் ஏக்கரில் சிதறி மேயும் மாட்டில் எது பருவத்துக்கு வந்தது என்று தினமும் போய்ப் பார்க்க ஆள் ஏது? அந்த வேலையைக் காளை சம்பளம் இல்லாமல் செய்கிறது. ஆகவே காளை விற்பதே அங்கே தனித் தொழில்.

தராசும் நாள்காட்டியும்

விற்பனைக் காளை ஒன்றின் வாழ்க்கை நாள்காட்டியோடு கட்டப்பட்டது. நடு பிரேஸிலில் மழை அக்டோபர், நவம்பரில் பிடிக்கிறது. பசுவோடு காளையைச் சேர்ப்பது அந்தப் பசுமையில், நவம்பரிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வரை மட்டும். கன்றுகள் ஆகஸ்டிலிருந்து பிறக்கத் தொடங்கும். ஏழெட்டு மாதம் தாயோடு மேய்ந்துவிட்டு, மழை முடியும் ஏப்ரல், மே வாக்கில் பால்குடி மறக்கடிக்கப்படும். அடுத்தது வறட்சி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து பிரேஸில் முழுக்கப் பரவிய பிரக்கியாரியா புல் காய்ந்து சருகாகிவிடும். தாயின் பாலை நம்பிக் கொழுத்த கன்றுக்கும், சொந்தக் காலில் நிற்கக்கூடிய கன்றுக்கும் வித்தியாசம் தெரிவது இந்த வறட்சியில்தான்.

பிறந்ததும் காதில் எண், பதிவேட்டில் அப்பா அம்மா பெயர். பிறகு 120, 210, 365, 450, 550 நாள் என்று வயதுக்கணக்கில் எடை. எல்லாக் கன்றும் ஒரே நாளில் பிறப்பதில்லை. ஆகவே தராசில் ஏறிய நாளின் எடையை வைத்து 210ஆம் நாளில் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். தலைச்சன் பசுவின் கன்று கொஞ்சம் சோனியாகத்தான் இருக்கும். அதற்கும் கணக்கில் ஈடு கொடுக்கப்படுகிறது.

இந்தக் கணக்கு முழுவதும் ஒரு விதியில் நிற்கிறது. ஒரே பண்ணையில், ஒரே பருவத்தில் பிறந்து, ஒரே புல்லைத் தின்ற காளைக்கன்றுகளை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிடலாம். வீட்டு வாசலில் கட்டி, மக்காச்சோளம் போட்டு வளர்த்த ஒற்றைக் கன்று 300 கிலோ இருக்கலாம். காட்டில் நாற்பது கூட்டாளிகளோடு மேய்ந்த கன்று 230 கிலோ இருக்கலாம். கூட்டாளிகளின் சராசரி 200 என்றால் இரண்டாவது கன்றைப் பற்றி நமக்கு ஒன்று தெரியும். முதல் கன்றைப் பற்றி ஒன்றுமே தெரியாது, அதன் சொந்தக்காரருக்கு மக்காச்சோளம் வாங்கப் பணம் இருக்கிறது என்பதைத் தவிர.

இப்படிப் பல பண்ணைகளில், பல ஆண்டுகளில் சேர்ந்த எடைகளைக் கம்ப்யூட்டரில் கொட்டினால் ஒவ்வொரு காளைக்கும் ஓர் எண் வருகிறது. அந்தக் காளையின் கன்றுகள் சராசரிக் காளையின் கன்றுகளைவிட எத்தனை கிலோ கூடவோ குறையவோ இருக்கும் என்ற எதிர்பார்ப்பு அது. ஒரு காளைக்கு 210 நாள் எடையில் கூடுதல் 10, இன்னொன்றுக்குக் கூடுதல் 2 என்று புத்தகத்தில் போட்டிருந்தால், ஒரே மாதிரிப் பசுக்களோடு சேர்த்தால் முதல் காளையின் கன்றுகள் சராசரியாக 8 கிலோ அதிகம் நிற்கும். வருஷத்துக்கு 30 கன்று, ஐந்து வருஷம் என்றால் 1,200 கிலோ. தவணை எவ்வளவு வரை கேட்கலாம் என்று வாங்குபவர் மடியில் புத்தகத்தை வைத்துப் போடும் கணக்கு இதுதான்.

எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் உண்டு. முதல் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது அது. ஆயிரம் கன்று போட்ட பழைய காளையின் எண் அநேகமாக அசையாது. இரண்டு வயது இளங்காளைக்கு இன்னும் கன்றே பிறக்கவில்லை. அதன் எண் அப்பா அம்மாவிடமிருந்து வாங்கிய கடன். அண்மைக் காலத்தில் வால்முடி நாலைப் பிடுங்கி லேபரட்டரிக்கு அனுப்பி மரபணுவைப் படிக்கிறார்கள். அதனால் நம்பகம் கூடியிருக்கிறது; முழுமை ஆகிவிடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் ஒரே இளங்காளையில் மொத்தப் பணத்தையும் போடாமல் நாலைந்தாக வாங்குவது இதற்காகத்தான். ஒன்று பொய்த்தாலும் மற்றவை ஈடுகட்டும்.

எடை ஒரு பண்பு மட்டுமே. விரைப்பையின் சுற்றளவை டேப் வைத்து அளப்பது, கேள்விப்படாதவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் காளையைப் பற்றி மலிவாகக் கிடைக்கும் தகவல்களில் அதைவிடப் பயனுள்ளது குறைவு. சுற்றளவு அதிகமான காளை அதிக விந்து தருகிறது என்பது ஒருபுறம். அதன் மகள்களும் சீக்கிரம் பருவத்துக்கு வருகின்றன என்பதுதான் பெரிய லாபம். இந்திய ரத்த மாடுகளின் பழைய குறையே தாமதம். முதல் கன்று போட மூன்று, நான்கு வயது ஆகும். இப்போது சில பண்ணைகள் 14 மாதக் கிடாரிகளையே காளையோடு விட்டு, எது சினை பிடிக்கிறது என்று பார்த்து, அந்தக் குடும்பங்களின் காளைகளுக்குக் கூடுதல் விலை வைக்கின்றன.

இந்த அவசரத்துக்குப் பின்னால் சீனா இருக்கிறது. பிரேஸில் மாட்டிறைச்சியை அதிகம் வாங்கும் நாடு அதுதான். 30 மாதத்துக்குக் குறைந்த வயதில் வெட்டிய மாடுதான் வேண்டும் என்பது சீனாவின் நிபந்தனை. நாலு, ஐந்து வயது வரை மாடு தானாக வளரட்டும் என்று காத்திருந்த பழைய பண்ணையாளருக்கு அந்தச் சந்தையில் இடமில்லை. பெய்ஜிங்கில் எழுதிய ஒரு விதி மாட்டோ கிரோஸோவில் எந்தக் காளைக்கு என்ன விலை என்பதைத் தீர்மானிக்கிறது.

இளங்காளைகளைப் பல பண்ணைகளிலிருந்து ஓரிடத்தில் சேர்த்து வளர்த்துப் பார்க்கும் போட்டிகளும் உண்டு. தொட்டியில் தீனி வைத்து நடத்தும் சோதனை 168 நாள். அதில் முதல் 56 நாள் கணக்கில் வராது. வந்த வீட்டு வாசனை போகட்டும் என்று விடுவது. புல்லில் நடத்தும் சோதனை 294 நாள். அதில் 70 நாள் பழகுவதற்கு. இந்த வழக்கத்துக்கு வயது அதிகம். ஸாவோ பாவ்லோ மாநிலத்தின் செர்தாவ்ஸின்யோவில் உள்ள அரசு ஆராய்ச்சி நிலையம் எடைச் சோதனையை 1951இலேயே தொடங்கிவிட்டது. 1970களின் பிற்பகுதியில் அங்கே ஒரு பொறுமையான காரியத்தை ஆரம்பித்தார்கள். ஒரே மந்தையைப் பிரித்து, ஒரு பிரிவில் ஒவ்வோர் ஆண்டும் சராசரி எடைக் காளைகளையே பொலிகாளைகளாக வைத்தார்கள். இன்னொரு பிரிவில் கனத்த காளைகளை வைத்தார்கள். புல் ஒன்று, கவனிப்பு ஒன்று. சில பத்தாண்டுகளில் இரு பிரிவுக் காளைகளுக்கும் நடுவே பல பத்து கிலோ இடைவெளி விழுந்துவிட்டது. கனத்த பிரிவில் சினைப் பிடிப்பு கெட்டதாகவும் தெரியவில்லை. தராசு பலிக்குமா என்று கேட்பவர்களுக்கு அங்கே காட்டப்படும் சாட்சி இந்த இரண்டு பிரிவுகள்தான்.

கண்ணுக்கு இன்னும் வேலை உண்டு

இவ்வளவு எண் இருந்தும் பார்த்துத் தீர்மானிப்பவரை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. உபேராபா நகரில் இருக்கிறது பிரேஸில் திமில் மாடு வளர்ப்போர் சங்கம். ஆண்டுதோறும் மே மாத வாக்கில் அந்த ஊரில் நடக்கும் கண்காட்சி மாட்டுக்காரர்களின் திருவிழா. பிறந்தபோது தரும் பதிவு தாற்காலிகமானது. ஒன்றரை வயதுக்கு மேல் சங்கத்தின் ஆள் நேரில் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால்தான் நிரந்தர முத்திரை. உடம்பின் சட்டம், சதை, சீக்கிரம் கொழுப்புப் பிடிக்கும் வாகு, கால் நிலை, இன லட்சணம், ஆண்மை லட்சணம், கொப்பூழ் என்று ஏழு விஷயத்துக்கு மதிப்பெண். வெள்ளை மயிருக்கு அடியில் தோல் கறுப்பாக இருந்தாக வேண்டும். வெளிறிய தோல் வெயிலில் தாங்காது.

கொப்பூழுக்கு ஏன் மதிப்பெண்? கழுத்தில் தொங்கும் தோல் அழகு. அடிவயிற்றில் அதே மாதிரி நீளமாகத் தொங்கினால் ஆபத்து. ஆளுயரப் புல்லிலும் முள்ளிலும் நடக்கும் காளைக்கு அந்த நுனி கிழிபட்டு, வீங்கி, புண்ணாகிவிட்டால் காளை பசுவின் மேல் ஏறாது. மரபணு எண் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் அதற்குப் பிறகு அது கசாப்புக்குத்தான். பின்னங்கால் கம்பு போல நேராக இருந்தாலும் இதே கதி. ஏறும்போது மொத்தக் கனமும் அந்த மூட்டில் இறங்குகிறது.

நம் ஊரில் மாடு வாங்கப் போகிறவர் முதலில் சுழி பார்ப்பார். பிரேஸில் படிவத்தில் சுழிக்குக் கட்டம் இல்லை. அதற்காக அவர்கள் பகுத்தறிவே உருவானவர்கள் என்று எண்ண வேண்டாம். ஏல மேடையில் மினுங்கும் கொழுத்த காளைக்கு எண்ணை மறந்து கை உயர்த்துபவர்கள் அங்கேயும் ஏராளம்.

அந்த மினுமினுப்புதான் இந்தத் தொழிலின் பெரிய ஏமாற்று. விற்பனைக்கு முன் சில மாதம் தானியத்தைக் கொட்டினால் எந்தக் காளையும் ராஜா மாதிரி தெரியும். விரைப்பையின் கழுத்தில் கொழுப்புச் சேர்ந்தால் அங்கே சூடு அடங்காது; விந்து கெடுகிறது. தானியம் மிஞ்சினால் குளம்பு வீங்குகிறது. புதுப் பண்ணைக்கு வந்து தொட்டி இல்லாத காட்டில் விட்டதும் இரண்டே மாதத்தில் எலும்பு தெரிகிறது. சரியாக அந்த இரண்டு மாதம்தான் பசுக்களின் பருவம். 'புல்லில் வளர்ந்த காளை' என்று ஏலப் புத்தகத்தின் அட்டையிலேயே அச்சடித்து விற்கும் பண்ணைகள் இருப்பதற்குக் காரணம் வாங்கியவர்கள் பட்ட அடிதான்.

கடைசியாக மருத்துவர். விந்தை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எத்தனை அணுக்கள் நேராக நீந்துகின்றன, எத்தனை முறுக்கிக்கொண்டு கிடக்கின்றன என்று எண்ணுகிறார். அமெரிக்காவில் பின்பற்றப்படும் அளவுகோலில் குறைந்தது 70 சதவீதம் அணுக்கள் நல்ல வடிவத்தில் இருக்க வேண்டும். இரண்டு வயது தாண்டிய காளைக்கு விரைப்பைச் சுற்றளவு 34 செ.மீ. வேண்டும். திமில் மாடுகள் மெதுவாக முதிர்பவை என்பதால் பிரேஸிலில் வயதுக்கேற்பத் தனிக் கணக்கு. இந்தச் சான்றிதழுக்கு ஆயுள் குறைவு. காளையின் உடம்பில் ஒரு விந்தணு உருவாகச் சுமார் 60 நாள் ஆகிறது. இன்று காய்ச்சல் வந்தால் அதன் பலன் இரண்டு மாதம் கழித்து, பசுக்கள் சினை பிடிக்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும்போதுதான் தெரியும். இதோடு கருச்சிதைவு நோய்க்கும் காசநோய்க்கும் ரத்தம், தோல் சோதனை. இதிலெல்லாம் தேறினாலும், ஒன்று மட்டும் எந்தச் சோதனையிலும் தெரியாது. சில காளைகளுக்கு ஏறுவதில் ஆர்வமே இருக்காது. விந்து முதல் தரம், ஆள் சோம்பேறி. மந்தையில் விட்ட முதல் இரண்டு வாரம் போய் நின்று பார்ப்பதைத் தவிர வழியில்லை.

இந்தச் சல்லடையில் எவ்வளவு நிற்கிறது? 1995இல் பிரேஸில் விவசாய அமைச்சகம் கொண்டுவந்த சிறப்புச் சான்றிதழ் முறையில், ஓர் ஆண்டில் பிறந்தவற்றில் மேலே இருக்கும் 20 முதல் 30 சதவீதத்துக்குத்தான் சான்றிதழ் கிடைக்கும். மீதிக் காளைக்கன்றுகள் காயடிக்கப்பட்டோ அப்படியேவோ கசாப்புக்கு வளர்க்கப்படும். நல்ல குடும்பத்தில் பிறந்தோம் என்பதற்காக யாருக்கும் சலுகை இல்லை. அதைத்தான் வாங்குபவர் காசு கொடுத்து வாங்குகிறார்: நிராகரிக்கப்பட்ட அந்த எழுபது, எண்பது கன்றுகளை.

எண்ணைத் துரத்துவதில் ஆபத்தும் இருக்கிறது. மேலே இருக்கும் காளைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று பங்காளிகள். 1960களில் இறங்கிய விரல்விட்டு எண்ணக்கூடிய காளைகளின் ரத்தமே நாடு முழுவதும் ஓடுகிறது. புது ரத்தம் எங்கேயிருந்து வரும் என்று கேட்டால் எல்லோரும் கிழக்கே கை காட்டுகிறார்கள், கதவோ சாத்தியிருக்கிறது. அப்புறம் மோகம். 2023இல் 'வியாடினா 19' என்ற நெலோரிப் பசுவின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் சுமார் 70 லட்சம் ரியாலுக்கு ஏலம் போனது. முழுப் பசுவின் மதிப்பு 40 லட்சம் டாலருக்கு மேல் என்று கணக்கிட்டு, உலகின் விலை உயர்ந்த மாடு என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 1,100 கிலோ கனம். அதன் கருமுட்டைக்கு நிற்கிறது வரிசை. கறி விற்று அந்தப் பணத்தை எடுக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். அதேபோல, வெயிலையும் உண்ணியையும் தாங்கும் இந்த மாடு இல்லாவிட்டால் அமேசான் காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்குவது இவ்வளவு லாபமாக இருந்திருக்காது என்பதும் மறைக்க முடியாத விஷயம். சீக்கிரம் வளரும் காளையால் அதே நிலத்தில் அதிக இறைச்சி கிடைக்கும், காடு பிழைக்கும் என்று வாதாடுகிறார்கள். அது காட்டை வெட்டுபவர் என்ன நினைக்கிறார் என்பதைப் பொறுத்தது.

ஓங்கோலில் என்ன தராசு?

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 300 கிலோமீட்டர். ஒரு காலத்தில் இந்தப் பகுதிக் கிராமங்களிலும் பொலிகாளைத் தேர்வு விளையாட்டாக நடக்கவில்லை. வசதியான குடும்பத்தில் ஒருவர் இறந்தால் அவர் நினைவாக ஒரு காளையைக் கோயிலுக்கு நேர்ந்து விடுவார்கள். எந்தக் கன்றை விடுவது என்று முடிவு செய்பவர்கள் மாடு தெரிந்த ஊர்ப் பெரியவர்கள். தாயைப் பார்ப்பார்கள், நடையைப் பார்ப்பார்கள். அந்தக் காளை எந்த வயலில் மேய்ந்தாலும் யாரும் விரட்டுவதில்லை. ஊர்ப் பசுக்கள் எல்லாம் அதனிடம்தான். கர்வடிகளும் கோதாவரிகளும் அப்படிப்பட்ட தேர்விலிருந்து வந்தவைதான். பிரேஸில்காரர் வாங்கிப் போனது அந்தக் காளைகளை மட்டுமல்ல, அவற்றுக்கு முன்னால் பல தலைமுறை நடந்த கழித்தலையும்.

அந்தத் தேர்வுக்கு அடியில் ஒரு பொருளாதாரம் இருந்தது. கரிசல் மண்ணை உழவும் பார வண்டி இழுக்கவும் கனத்த மாடு வேண்டும். அதற்கு நல்ல விலை கிடைத்தது. டிராக்டர் வந்ததும் அந்த விலை போனது. பாலுக்கு என்றால் கடலோர ஆந்திர விவசாயிக்கு முர்ரா எருமை இருக்கிறது. மேய்ச்சல் நிலம் புகையிலைக்கும் இறால் குட்டைக்கும் போனது. இளங்காளையை மூன்று ஆண்டு தீனி போட்டு வளர்த்தால் வாங்க வருபவர் யார்?

பிரேஸிலின் தராசை அப்படியே தூக்கிவந்து இங்கே வைக்க முடியாது. அங்கே கடைசிக் கணக்கு கறிக்கடையில் முடிகிறது. ஆந்திரத்தில் பசுவதைத் தடைச் சட்டம் 1977லிருந்து இருக்கிறது. ஓங்கோல் விவசாயியின் மனமும் அதற்கு ஒப்பாது. அப்படியானால் இங்கே காளையை எதை வைத்து எடைபோடுவது? உறைவிந்து நிலையங்களின் பதில்: தாயின் பால். காளையின் அம்மா ஓர் ஈற்றில் எத்தனை லிட்டர் கறந்தாள் என்பதை வைத்தே காளை தேர்வாகிறது. உழைப்புக்குப் பெயர்போன இனத்தைப் பால் கணக்கில் அளப்பது பொருத்தமா என்ற வாதம் ஒருபுறம் இருக்க, பாலை அளந்து எழுதி வைக்கும் வீடு எத்தனை என்பதே முதல் கேள்வி. அரசு தன் பங்குக்குப் பண்ணைகள் நடத்துகிறது. குண்டூர் அருகே லாம் ஆராய்ச்சி நிலையம், ஓங்கோல் வட்டாரத்தில் சதலவாடா பண்ணை, நெல்லூர் மாவட்டம் சிந்தலதேவியில் தேசிய காமதேனு இனப்பெருக்க மையம். ஆனால் பிரேஸிலில் எண்ணுக்கு உயிர் கொடுத்தது அரசுப் பண்ணை மட்டுமல்ல. ஆயிரக்கணக்கான தனியார் மந்தைகளில் 210ஆம் நாள் கன்றைத் தராசில் ஏற்றும் பழக்கம்தான் அந்தக் கணக்கை ஓட்டுகிறது. கன்று எடைக்குக் காசு கிடைப்பதால் அங்கே ஏற்றுகிறார்கள்.

ஓங்கோல் காளையை இன்றும் காசு கொடுத்து, பெருமையோடு அளக்கும் இடம் ஒன்று உண்டு. சங்கராந்தி, சிவராத்திரி சமயத்தில் ஆந்திரக் கிராமங்களில் நடக்கும் கல் இழுக்கும் போட்டி. மாடுகளைப் பல்லை வைத்துப் பிரிக்கிறார்கள்: பால் பல், இரண்டு பல், நான்கு பல், ஆறு பல், அதற்கு மேல். பிரிவுக்கு ஏற்பக் கல்லின் கனம். குறித்த நேரத்துக்குள் எந்த ஜோடி அதிக தூரம் இழுக்கிறது என்று அடிக்கணக்கில் அளந்து மைக்கில் சொல்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒரே வயது, ஒரே கல், ஒரே தரை என்ற விதிதான். பேர்பெற்ற ஜோடிக்குப் பல லட்சம் கொடுக்க ஆள் இருக்கிறது. பாதாம், முட்டை எல்லாம் போட்டு வளர்க்கிறார்கள். எந்த ஊரில் யாருடைய ஜோடி எத்தனை அடி இழுத்தது என்று ரசிகர்கள் பல ஆண்டு கழித்தும் சரியாகச் சொல்வார்கள். அந்த மாட்டுக்குப் பிறந்த கன்று ஏதாவது இருக்கிறதா, அது எங்கே நிற்கிறது, எப்படி இழுக்கிறது என்று கேட்டால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.